பைக்குத் தாலாட்டு

அன்று மாலை என் பைக்குள் போன் அதிர்ந்தது எனக்குத் தெரியவில்லையா, இல்லை, தெரிந்தும் எடுக்கவில்லையா?

ஏழு மாதமாகிறது. இன்னும் விடை கிடைக்கவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்டிருந்தால்கூட ஏதோ ஒரு பதிலைச் சொல்லி, அதையே பழகிக்கொண்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவ்வளவு நல்லவர்கள்.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் இருந்த நாட்களில் தமிழில் ராக் பாடும் ஒரு குழுவின் மேல் எனக்குப் பைத்தியம். அவர்களுடைய ஒரு பாட்டு ஏழு நிமிடம் ஓடும். கடைசி மூன்று நிமிடத்துக்கு வார்த்தையே கிடையாது, கிடார் மட்டும்தான். பரீட்சைக்கு முந்தைய நாள், வேலை கிடைத்த நாள், கிடைத்த வேலையை விட்ட நாள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் எனக்குத் துணை. மகள் பிறந்த பிறகு வேறு தாலாட்டு எதுவும் தெரியாத காரணத்தால் அதையே மெதுவாக்கி, இடுப்பில் அவளைத் தூக்கிவைத்து, முதுகில் தட்டிக்கொண்டே பாடினேன். டிரம் அடிக்கும் இடத்தில் ஒரு தட்டு. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அந்தப் பாட்டை நான்தான் உண்டாக்கினேன் என்று நம்புகிறாள். மறுத்துச் சொல்லும் அளவுக்கு நான் நேர்மையானவள் இல்லை.

அந்தக் குழு கோயம்புத்தூருக்கு வருகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நீலாம்பூர் பக்கம் திறந்த மைதானத்தில் கச்சேரி என்று போனில் பார்த்தேன். ரசிகையான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் அவர்களை நேரில் கேட்டதில்லை. நாங்கள் இருப்பது வடவள்ளியில். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். என்னோடு வருவதாகச் சொன்ன தோழி, மகனுக்குத் திங்கட்கிழமை தேர்வு என்று கழன்றுகொண்டாள். பையன் படிப்பது இரண்டாம் வகுப்பு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார், பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற ஒத்துக்கொள்கிறவரைப் போல. அத்தையிடம் சொன்னேன். என் மாமியார் எதற்கும் கூடாது என்று சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்பார். அதன் பிறகு சந்தேகம் கேட்பார்.

"உக்கார எடமிருக்கா கண்ணு?"

நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்றேன்.

"டிக்கெட்டு வாங்கிப்போட்டு நிக்கோணுமா? பஸ்ஸு மாதிரியா?" என்று யோசித்தார். "பஸ்ஸுலகூட பொம்பளைங்களுக்கு சீட்டு இருக்குதே."

ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன், போன் என் கையிலேயே இருக்கும், முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலேயே கொடுத்த வாக்கு. கேட்காத வாக்குகளைக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி.

வாக்கோடு ஒரு பட்டியலும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இரண்டு பக்கம். பால் எந்த டம்ளரில், எந்தச் சூட்டில். மாடிப்படிக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட வேண்டும், கீழ்த் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டும். பொத்தான், கோலிக்குண்டு, ரிமோட்டின் பேட்டரி, பொட்டுக்கடலை எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. காதிலோ மூக்கிலோ ஏதாவது போய்விட்டால் ஹேர்பின்னால் நோண்டக் கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். இது ஒன்பதாவது. என் வீட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். பட்டியல் என்றால் ஒரு மரியாதை உண்டு. முழுவதும் படித்துவிட்டு எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்.

பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் காது கெட்டுவிடும் என்று இணையத்தில் வேறு படித்துத் தொலைத்திருந்தேன். குழந்தை ராத்திரி சிணுங்கினால் கேட்க வேண்டிய காது அல்லவா? ஆகவே காதில் செருகிக்கொள்ளும் ஸ்பாஞ்சு வாங்கினேன். ஆரஞ்சு நிறம். விரலால் உருட்டி உள்ளே தள்ளினால் மெதுவாக விரிந்து அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்த ஒன்றைக் கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. இதை அப்போது யாராவது என்னிடம் சுட்டிக்காட்டியிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

ஞாயிறு காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். உருட்டினேன், தள்ளினேன், எடுத்தேன், மறுபடியும் தள்ளினேன். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எனக்கு என்று கை நீட்டினாள். பெரியவங்களுக்கு மட்டும் கண்ணு என்றேன். மூன்று வயதுக்காரியை ஒரு பொருளின் பக்கம் இழுக்க இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பாக்கெட்டில் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்றைப் பையில் போட்டேன். மற்றதைப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பட்டியலில் பதினெட்டு ஆபத்துகள் இருந்தன. பத்தொன்பதாவதை வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெறும் கையோடு கிளம்ப முடியவில்லை. நின்றுகொண்டே கேட்கிறவளுக்குப் பசிக்குமே என்று அத்தை இரண்டடுக்கு டிபன் கேரியரில் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிவிட்டார். கல்லூரிக் காலத்துக் கறுப்பு டிசர்ட், பிரசவத்துக்குப் பிறகு எங்கெங்கோ பிடிக்கிறது. தோளில் குறுக்காக ஒரு பை. கையில் பளபளக்கும் கேரியர். ராக் ரசிகை இந்தக் கோலத்தில் காந்திபுரத்தில் பஸ் மாறினாள். போகும் வழியில் மூன்று முறை வீட்டுக்கு போன் செய்தேன். மூன்றாவது முறை வீட்டுக்காரர், கச்சேரி அங்கேயா இங்கேயா என்று கேட்டார்.

மைதானத்து வாசலில் செக்யூரிட்டி. ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. கேரியரைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது. "ஏனுங்க அம்மணி, சோறு உள்ள விடமாட்டாங்கங்க" என்றார், அந்தச் சட்டத்தைத் தானே எழுதிவிட்டதைப் போல வெட்கத்தோடு. பக்கத்திலேயே பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. சோற்றை அதில் போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். ஐயோ, வேண்டாங்க என்றார். பரவாயில்லைங்க என்றேன். இல்லைங்க, நீங்க கொண்டுவந்தது என்றார். இப்படி நான்கு சுற்று நடந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வேறு ஊராக இருந்தால் வரிசையில் யாராவது கத்தியிருப்பார்கள். எங்கள் ஊரில் எனக்குப் பின்னால் நின்றவரும் சேர்ந்துகொண்டார்.

"வாங்கிக்குங்கண்ணா. அக்காதான் இத்தனை தரம் சொல்றாங்கல்ல."

அவர் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

உள்ளே செம்மண் தரை, நல்ல வெயில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. முதலில் இரண்டு சின்னக் குழுக்கள் வாசித்தன. ராக் கச்சேரி என்றால் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கூட்டம் இழுத்த பக்கம் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மூன்று வருடமாக என்னை முட்டுவது ஒரே ஒரு சின்னத் தலைதான். ஒரு நாளைக்கு வேறு யாராவது முட்டட்டுமே என்றிருந்தது. எனக்கு முன்னால் நின்ற தாடிக்காரர், கையில் மண்டை ஓடு பச்சை குத்தியவர், டிரம் சூடுபிடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் குதிச்சுக்கட்டுங்களா?"

குதிங்க என்றேன். குதித்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் திரும்பி, படலீங்களே என்று விசாரித்தார். காதில் ஸ்பாஞ்சு இருந்ததால் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கிடாரும் எனக்கு அப்படித்தான் கேட்டது, மூன்றாவது வீட்டில் யாரோ வாசிப்பதைப் போல.

பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள். தனியாவா வந்தீங்கக்கா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று நிறுத்தியிருக்கலாம். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, அதனால்தான் தனியாக வந்தேன் என்று விளக்கம் சொன்னேன். என்னுடைய வியாதி இது. அந்தக் கணத்தோடு என் ரசிகை வாழ்க்கை முடிந்தது. இருவரும் கையைக் கோத்து என்னைச் சுற்றி வேலி போட்டார்கள். செய்தி தாடிக்காரருக்குப் போனது. அவர் எங்கோ காணாமல் போய் ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்.

"உக்காருங்கக்கா. கொளந்தைய உட்டுப்போட்டு வந்திருக்கீங்க."

உட்காராமல் முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நின்று குதிக்கும் மைதானத்தின் நடுவில் நான் மட்டும், வளைகாப்பில் உட்காரவைத்தவளைப் போல, நாற்காலியில். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். விதவிதமான கறுப்பு முதுகுகள். உக்கார எடமிருக்கா என்று கேட்ட அத்தையை நினைத்துக்கொண்டேன். இருக்கிறது அத்தை.

ஆறு மணிக்கு என் குழு மேடையேறியது. அதற்கு முன்பே வீட்டுக்கு இரண்டு முறை பேசி, அவள் பால் குடித்ததையும் பொம்மைக்கு ஜடை போட்டதையும் தெரிந்துகொண்டேன். போனை அதிர்வில் போட்டு, இடது இடுப்பில் தொங்கிய பைக்குள் வைத்தேன். கையிலேயே இருக்கும் என்றுதான் வாக்கு. பை கைக்குக் கீழேதான் இருந்தது. அப்போது அது ஒரு பெரிய வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஐந்து பாட்டு முடிந்தது. ஆறரை. ஆறே முக்கால். என் பாட்டு வரவில்லை. ஏழுக்குக் கிளம்ப வேண்டும். கடைசியில்தான் பாடுவார்கள், எல்லாக் குழுக்களும் நல்லதைக் கடைசிக்கு வைத்துத் தொலைக்கும், நான் பஸ்ஸில் போகும்போது பாடுவார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். எழுந்து பையைச் சரிசெய்துகொண்டபோது அந்த முதல் நான்கு சுரங்கள் வந்தன.

இரண்டு காதிலிருந்தும் ஸ்பாஞ்சைப் பிடுங்கினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நாற்காலியின் மேல் ஏறினேன். அந்தப் பெண்கள் இருவரும் நாற்காலியின் கால்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தடிக்காரியான நான் மைதானத்திலேயே எல்லோரையும்விட உயரமாக நின்றேன். முழு மேடையும் தெரிந்தது. பாடகருக்கு வயிறு போட்டிருந்தது. எனக்கும்தான். வார்த்தைகள் முடிந்து கிடார் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். உடம்பு தானாக ஆடியது. கை தானாகப் பையைத் தட்டியது. டிரம் அடிக்கும் இடத்தில் ஒரு தட்டு.

அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே பை அதிர்ந்தது.

டிரம் சத்தத்தில் நாற்காலி அதிர்ந்துகொண்டிருந்தது. பல்லே அதிர்ந்தது. பையும் அதிரத்தானே செய்யும்? அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. நான் தட்டிக்கொடுத்தேன். சரி சரி என்று சொன்னேன். இதில்தான் மாட்டிக்கொள்கிறேன். நான் சரி சரி என்று சொல்வது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான், அவள் சிணுங்கும்போது. டிரம்முக்கு யார் சரி சரி என்று சொல்வார்கள்?

பாட்டு முடிந்து இறங்கிப் பையைத் திறந்தேன். பதினொரு அழைப்புகள்.

மைதானத்தில் எல்லோரும் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததால் சிக்னல் கிடைக்கவில்லை. அந்தப் பெண்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். வழியில் எத்தனை பேர் ஏனுங்க, பாத்துங்க என்று ஒதுங்கி வழிவிட்டார்கள் என்று தெரியாது. அந்த நிமிடங்களில் நான் யோசித்துப் பார்க்காத விபத்து இல்லை. பதினெட்டையும் வரிசையாக யோசித்தேன். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் தன் ஸ்டூலைத் தள்ளிவைத்தார். அங்கேதான் லைன் கிடைத்தது.

"ஒன்னுமில்லை, பயப்படாத" என்று தொடங்கினார் வீட்டுக்காரர். பயப்படுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

நடந்தது இதுதான். ஆறரைக்கு அத்தை முறுக்கு தின்ன அவளைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பவில்லை. பிடிவாதம் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை. குழந்தைக்குக் காது போய்விட்டது என்று அழுதிருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறம். ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. மறுபக்கம் அவள் பிய்த்துத் திணித்தது, உள்ளே போய்விட்டது. அது என்ன பொருள், எவ்வளவு நீளம், உள்ளே விரியுமா என்று டாக்டரிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினொரு முறை. பிறகு தெருமுனை டாக்டர் இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொட்டு மருந்துகூடக் கொடுக்கவில்லை.

"ஹேர்பின் தொடலை" என்றார். பிறகு, "உன் லிஸ்ட்டுல இது இல்லையே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தரக்கட்டுப்பாட்டுக்காரரின் குரல். அதோடு, "உன் பாட்டு பாடினாங்களா?" என்று கேட்டார். பாடினார்கள் என்றேன். சந்தோஷம் என்றார். நிஜமாகவே சந்தோஷமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

செக்யூரிட்டி கேரியரைக் கையில் கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது. கொளந்தைக்கு ஒன்னும் ஆகாதுங்க, போங்க என்றார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது நான் என்ன சொல்ல வேண்டும் என்று வாசல்வரை மனப்பாடம் செய்திருந்தேன். தேவைப்படவில்லை. எனக்காக அத்தையே சொல்லி முடித்திருந்தார், எதிர்வீட்டு அக்காவிடம். "அந்தச் சத்தத்துல போன் அடிச்சா என்னன்னு கேக்கும்? பாவம், அவ என்ன பண்ணுவா?" என்னைப் பார்த்ததும், "கேக்கலைதானே கண்ணு?" என்றார்.

"கேக்கலைங்க அத்தை."

அது பொய்யும் இல்லை. போன் அடித்தது காதில் கேட்கவில்லை. கையில் தெரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அத்தை கேரியரைத் திறந்து பார்த்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அந்த மனிதர் இரண்டு தேன்மிட்டாய் போட்டிருந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்னுபோட்டு, குழந்தைக்கு மிட்டாயும் வாங்கிவந்திருக்கிறாள் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். அதையும் நான் திருத்தவில்லை.

மகள் மிட்டாயைச் சப்பிக்கொண்டே என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா போனில் அவளும் பேசினாளாம்.

"அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். நீ வரலை."

"எனக்குக் கேக்கல கண்ணு."

அவள் என் காதை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "உனக்கும் காதுல அது இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். அன்று சொன்னதில் சந்தேகமே இல்லாத பொய் அது ஒன்றுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கும் தன்னைப் போலவே காது அடைத்துக்கொண்டது, பாவம் என்று என் காதைத் தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, எனக்குக் கேக்கல என்கிறாள். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ராத்திரி அந்தப் பாட்டைப் பாடித் தட்டும்போது மட்டும் என் கை ஒரு தட்டு பிந்துகிறது.

இப்போது அந்தக் குழு மறுபடியும் வருகிறது. அதே மைதானம், அதே ஞாயிறு மாலை. அத்தைதான் முதலில் சொன்னார், போயிட்டு வா கண்ணு, இந்தத் தடவை கேரியரில் மூன்றடுக்காகக் கட்டித் தருகிறேன், போன தடவை அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டாயே என்று. வீட்டுக்காரர் பழைய பட்டியலை எடுத்துப் பத்தொன்பதாவதைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டார். ஆக, போவதற்கு ஒரு தடையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பை அதிர்ந்தது என் கைக்குத் தெரிந்திருக்கலாம் என்று அத்தையிடம் நான் சொல்லிவிட வேண்டுமா? மகளுக்கு விவரம் புரியும் வயது வந்ததும், அவள் கூப்பிட்ட நேரத்தில் என் காதில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டுமா? சொன்னவர்கள் யாராவது இருந்தால் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். சொல்லாமல் விட்டவர்கள் கூடுதலாக எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் ஆட்கள் அதிகம் என்று நினைக்கிறேன். குழந்தை வளரும்வரை கச்சேரிக்குப் போகாமல் இருங்கள் என்ற யோசனை மட்டும் வேண்டாம், அது அக்கம்பக்கத்திலிருந்து ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.